யோஹான் கிரைஃப்: மைதானத்தை அகலமாக்கியவர், அதையே சுருக்கியவர்

கோப்பைகளை எண்ணி நெதர்லாந்துக் கால்பந்து வீரர் யோஹான் கிரைஃபை மதிப்பிடப் போனால் கணக்கு உதைக்கும். நெதர்லாந்துக்காக அவர் ஆடியது 48 ஆட்டங்கள், அடித்தது 33 கோல்கள். நாட்டு அணியோடு வென்ற கோப்பை ஒன்றுகூடக் கையில் இல்லை. ஆடிய உலகக் கோப்பைத் தொடரும் ஒன்றே ஒன்றுதான், அதிலும் இறுதிப் போட்டியில் தோல்வி. ஆனாலும் இன்று எந்தப் பெரிய லீக்கைப் போட்டுப் பார்த்தாலும் அவர் கை பட்ட தடம் தெரியும். கோல்கீப்பர் காலால் பாஸ் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார், நடு முன்கள வீரர் கீழே இறங்கி வந்து பந்து வாங்குகிறார், பந்து பறிபோன அடுத்த நொடியே மூன்று பேர் அதன் மேல் பாய்கிறார்கள். இவை எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆடிக் காட்டி, பிறகு பயிற்சியாளராக நின்று கற்றும் கொடுத்து, ஒரு கிளப்பின் எல்லா வயது அணிகளிலும் ஊன்றிவிட்டுப் போனவர் அவர்.

அவர் ஆட்டத்தின் பொறி எப்படி இயங்கியது, எங்கே உடைந்தது என்பதை இரண்டு பெரிய தோல்விகளை வைத்துப் பார்ப்போம். 1974 மியூனிக் (உலகக் கோப்பை இறுதி), 1994 ஏதென்ஸ் (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி). முதலாவதில் அவர் கேப்டன், இரண்டாவதில் பயிற்சியாளர். இருபது வருட இடைவெளி இருந்தாலும் விரிசல் விட்ட இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெட்டோன்டோர்ப் முதல் மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் வரை

பிறந்தது 1947 ஏப்ரல் 25, ஆம்ஸ்டர்டாமில். வளர்ந்தது அந்நகரின் பெட்டோன்டோர்ப் பகுதியில். ஆம்ஸ்டர்டாம் கிளப்பான அயாக்ஸின் பழைய டி மேர் மைதானம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அப்பா காய்கறி, பழக் கடை வைத்திருந்தார், 1959இல் மாரடைப்பில் இறந்துபோனார். அதன்பின் அம்மா அயாக்ஸில் துப்புரவு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பத்து வயதிலேயே கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்துவிட்ட பையன், 1964 நவம்பர் 15 அன்று க்ரோனிங்கனில் ஜிவிஏவி அணிக்கு எதிராக முதல் அணியில் இறங்கினான். அயாக்ஸ் 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் அவனுடையது.

அந்த சீசனில் அயாக்ஸ் லீக்கில் 13ஆம் இடம். நடுவில், 1965 ஜனவரியில், ரினஸ் மிஹெல்ஸ் பயிற்சியாளராக வந்தார். அடுத்த சீசனிலேயே லீக் கோப்பை. 1966 டிசம்பரில் பனிமூட்டத்துக்குள் லிவர்பூலை 5-1 என்று அடித்தபோதுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. ஆனால் 1969 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மிலானிடம் 4-1 என்று அடி வாங்கியது அயாக்ஸ். அணிக்கு அந்தத் தோல்வி தேவைப்பட்டது என்றே சொல்வேன். முன்னால் நான்கு பேர், நடுவில் இரண்டே பேர் என்ற அமைப்பு நடுக்களத்தில் ஓட்டையாக இருந்தது. அடுத்த ஆண்டுகளில் அது 4-3-3 (தடுப்பில் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று) ஆனது. நடுக்கள வீரர் யோஹான் நேஸ்கென்ஸ் வந்து சேர்ந்தார், ரூட் க்ரோல் நிலைத்தார். பிறகு தொடர்ச்சியாக மூன்று கோப்பைகள்: 1971இல் வெம்ப்ளியில் பனாதினைகோஸை 2-0, 1972இல் ரோட்டர்டாமில் இன்டர் மிலானை 2-0 (இரண்டு கோலும் கிரைஃப்), 1973இல் பெல்கிரேடில் யுவென்டஸை 1-0. கடைசி இரண்டுக்கும் பயிற்சியாளர் ஸ்டெஃபான் கோவாச்.

பொறி வேலை செய்த விதம்

அயாக்ஸின் இந்த ஆட்டமுறைக்குப் பெயர் 'டோட்டல் ஃபுட்பால்'. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆடினால் அது தெருவாட்டம். அயாக்ஸில் இடமாற்றம் பெரும்பாலும் ஒரே தடத்தில், முன்னும் பின்னுமாக நடந்தது. வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் சூர்பியர் மேலே ஓடினால் அந்தத் தடத்தில் முன்னே இருப்பவர் கீழே இறங்கி மூடுவார். இடது பக்கம் க்ரோல் போனால் அவருக்கு முன்னே ஆடும் கைசர் காப்பார். ஆள் மாறினாலும் இடம் காலியாக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை விட்டால் மிச்சம் எல்லாம் சரிந்துவிடும்.

இரண்டாவது, மைதானத்தின் அளவு. பந்து நம் காலில் இருக்கும்போது இரு பக்க வீரர்களும் கோட்டை ஒட்டி நின்று மைதானத்தை முழு அகலத்துக்கு விரிக்க வேண்டும். பந்து போனதும் எல்லோரும் பந்தை நோக்கிச் சுருங்க வேண்டும். தடுப்பு வரிசை நடுக்கோட்டை நோக்கி ஏறினால், 105 மீட்டர் நீள மைதானத்தில் எதிரிக்கு ஆடக் கிடைப்பது 30, 40 மீட்டர்தான். அக்கால ஆஃப்சைடு விதி (பாஸ் கிளம்பும் கணத்தில் எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பவர் அந்தப் பந்தை ஆடக் கூடாது என்பது) இதற்குத் தோதாக இருந்தது. தடுப்பாட்டக்காரருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு, அது மாறியது 1990இல்தான். அதனால் நெதர்லாந்துக்காரர்கள் பந்தை வெளியே அடித்த கையோடு கூட்டமாக முன்னே பாய்வார்கள். எதிர் முன்கள வீரர் அசைவதற்குள் ஆஃப்சைடில் மாட்டியிருப்பார்.

இந்த ஆஃப்சைடு பொறிக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்னால் நிற்பவரைத்தான் அது பிடிக்கும். பின்வரிசையிலிருந்து ஓடி வருபவரையோ, பந்தோடு நேராகப் புகுபவரையோ பிடிக்காது. மியூனிக்கில் இது திரும்ப வரும்.

மூன்றாவது கிரைஃப் தானே. பெயருக்கு நடு முன்கள வீரர், நிற்பதோ எங்கெங்கோ. அவர் கீழே இறங்கும்போது எதிரணி நடுத் தடுப்பாட்டக்காரருக்கு ஒரு சிக்கல் வரும். பின்தொடர்ந்தால் அவர் விட்டுவந்த ஓட்டையில் நேஸ்கென்ஸ் நுழைவார். தொடராமல் நின்றால் கிரைஃப் தடையின்றித் திரும்பி, மைதானம் முழுவதையும் பார்த்துப் பாஸ் கொடுப்பார். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம். கைநீட்டி ஆட்களை இடம் மாற்றிக்கொண்டே ஓடும் அவர் படங்களைப் பார்த்தால், பந்தைப் பார்ப்பதைவிட ஆட்களைப் பார்க்கும் நேரம் அதிகம் என்பது புரியும்.

கிரைஃப் திருப்பம், அங்குலம் அங்குலமாக

1974 உலகக் கோப்பை, ஜூன் 19, டார்ட்மண்ட், எதிரணி ஸ்வீடன். இடது பக்கம், பெனால்டி பெட்டிக்கு அருகில், கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார் கிரைஃப். ஒட்டி நிற்பவர் யான் ஓல்சன். வலது காலால் உள்ளே பாஸ் அடிப்பதுபோல் வீசி, அடிக்காமல் பந்தைத் தன் இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போய்விடுகிறார். ஓல்சன் போனது ஒரு பக்கம், பந்து போனது மறுபக்கம். உலகம் முழுக்கச் சிறுவர்கள் இன்றும் பயிலும் அசைவு இது. அந்த ஆட்டம் என்னவோ 0-0 என்றே முடிந்தது.

செய்முறை நான்கு அசைவுகள். ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில், சற்று முன்னால் வைக்க வேண்டும். அடிக்கும் காலை முழு வீச்சில், தோளும் கையும் சேர்ந்து திரும்பும்படி ஓங்க வேண்டும். பாதம் பந்தைத் தாண்டிச் சுற்றிப் போய், உட்பக்கத்தால் ஊன்றுகாலுக்குப் பின்புறமாகப் பந்தை இழுக்க வேண்டும். பிறகு இடுப்பைத் திருப்பி, முதல் இரண்டு எட்டிலேயே வேகம் எடுக்க வேண்டும்.

தவறுவதும் குறிப்பிட்ட இடங்களில்தான். ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் இருந்தால் இழுத்த பந்து குதிகாலில் முட்டி நின்றுவிடும். ஓங்கல் அரைகுறையாக இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள், ஏனென்றால் தடுப்பவர் பார்ப்பது பந்தை அல்ல, தோளை. இன்னொன்று, தடுப்பவர் ஒட்டி நிற்காமல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இந்த அசைவால் பயனில்லை, அவருக்குத் திரும்ப நேரம் கிடைத்துவிடும். கிரைஃப் இதைச் செய்ததற்குக் காரணமே ஓல்சன் அவர் முதுகோடு ஒட்டி நின்றதுதான்.

மியூனிக், 1974 ஜூலை 7

இறுதிக்கு வந்த பாதை பிரமாதமானது. உருகுவேயை 2-0, பல்கேரியாவை 4-1, அர்ஜென்டினாவை 4-0, கிழக்கு ஜெர்மனியை 2-0, பிரேசிலை 2-0. கோல்கீப்பர் யொங்ப்ளூட் உள்ளூரில்கூட முதல் பெயர் இல்லை. தடுப்பு வரிசைக்குப் பின்னால் திறந்து கிடக்கும் நிலத்தைக் காலால் காக்கத் தெரிந்தவர் என்பதால் எடுக்கப்பட்டார். நடுத் தடுப்பில் ஆடிய ஆரி ஹான் அயாக்ஸில் நடுக்கள வீரர். அணி முழுவதையும் பந்து ஆடத் தெரிந்தவர்களால் நிரப்பியிருந்தார், அப்போது நாட்டு அணியின் பயிற்சியாளராக இருந்த மிஹெல்ஸ்.

இறுதியில் எதிரணி மேற்கு ஜெர்மனி. நெதர்லாந்து பந்தை நகர்த்தத் தொடங்கியது. கிரைஃப் தன் அணியின் கடைசி ஆளாக, நடுவட்டத்துக்கு அருகில் பின்னே வந்து பந்து வாங்கினார். அங்கிருந்து நேராக ஓடி பெர்ட்டி ஃபோக்ட்ஸைத் தாண்டி, பெட்டிக்குள் போகும்போது ஊலி ஹோனஸ் காலைத் தட்டிவிட்டார். பெனால்டி. நேஸ்கென்ஸ் அடித்தார், 1-0. அதுவரை ஒரு ஜெர்மானியர் காலிலும் பந்து படவில்லை.

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. முன்னிலை பெற்ற அணி இரண்டாவது கோலுக்குப் போகவில்லை. பந்தைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டது. சொந்த மண்ணில் ஜெர்மனியைச் சிறுமைப்படுத்தும் ஆசை இருந்ததை அணியில் இருந்தவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். பந்தை வைத்திருப்பது இடத்தை உண்டாக்குவதற்கான வழி. அதுவே நோக்கமானதும் அணியின் முன்முனை மழுங்கிப்போனது.

அடுத்தது ஃபோக்ட்ஸ். நான்காம் நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியும் அவர் கிரைஃபை விடவில்லை. கிரைஃப் இறங்கினார், ஃபோக்ட்ஸும் இறங்கினார். வழக்கமான கணக்குப்படி அந்த ஓட்டையில் வேறொருவர் நுழைய வேண்டும். ஆனால் ஃபோக்ட்ஸ் பக்கத் தடுப்பாட்டக்காரர், பின்னால் பெக்கன்பவர் யாரையும் ஒட்டிக் காக்க வேண்டிய வேலை இல்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தார். அதாவது கிரைஃபைப் பின்தொடர ஜெர்மனி கொடுத்த விலை மற்ற அணிகள் கொடுத்ததைவிடக் குறைவு. அவர் இறங்க இறங்க, பெட்டிக்குள் நெதர்லாந்துக்கு ஆள் குறைந்தது.

25ஆம் நிமிடத்தில் ஹோல்சென்பைன் பந்தோடு பெட்டிக்குள் புகுந்து விழுந்தார், ப்ரைட்னர் பெனால்டியைப் போட்டார். 43ஆம் நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து ரைனர் போன்ஹாஃப் வலது பக்கமாக ஓடிவந்து ஹானைத் தாண்டிப் பந்தை உள்ளே அனுப்பினார். கெர்ட் முல்லருக்குப் பின்னால் போன பந்தை அவர் இழுத்துத் திரும்பி அடித்தார். ஆஃப்சைடு பொறி பிடிக்காத இரண்டு வகைகள் என்று முன்பு சொன்னவை இரண்டும் ஒரே பாதியில் நடந்துவிட்டன: பந்தோடு நேராகப் புகுந்தவர் ஹோல்சென்பைன், பின்வரிசையிலிருந்து ஓடிவந்தவர் போன்ஹாஃப். இரண்டாம் பாதி முழுக்க நெதர்லாந்து முற்றுகையிட்டது. ஜெர்மனியின் கோல்கீப்பர் மையர் தடுத்துக்கொண்டே இருந்தார். 2-1.

கிரைஃபுக்கு அதுவே கடைசி உலகக் கோப்பை. 1978க்கு அவர் போகாததற்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. பார்சிலோனா வீட்டில் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் தன்னையும் குடும்பத்தையும் கட்டிவைத்த கடத்தல் முயற்சியே காரணம் என்று 2008இல் அவரே சொன்னார்.

பார்சிலோனா, முதல் முறை

1973இல் அயாக்ஸ் வீரர்கள் கேப்டன் பதவிக்கு வாக்களித்து கிரைஃபை விட்டு பீட் கைசரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில வாரங்களில் அவர் அன்றைய உலகச் சாதனை விலைக்குப் பார்சிலோனா போய்விட்டார். அக்டோபரில் முதல் லீக் ஆட்டம். 1974 பிப்ரவரி 17 அன்று ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த பெர்னபேயு மைதானத்தில் 5-0 என்று அடித்தார்கள், 1960க்குப் பிறகு முதல் லீக் கோப்பையும் வந்தது. அந்த ஊர் மொழியான கட்டலானை ஒடுக்கிய சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சியில் மகனுக்கு 'ஜோர்டி' என்று கட்டலான் பெயர் வைத்துப் பதிவு செய்ய வைத்தவர் என்பதால் அந்த ஊர் மக்கள் அவரைத் தங்களவராகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 1978இல் ஸ்பெயினின் கிங்ஸ் கோப்பை ஒன்று, அவ்வளவுதான். பணத்தைத் தவறான முதலீடுகளில் இழந்து அமெரிக்காவுக்கு ஆடப் போனார். 1981இல் அயாக்ஸ் திரும்பி இரண்டு லீக், 1983-84இல் பரம எதிரியான ஃபெயநூர்டுக்குப் போய் லீக், கோப்பை இரண்டும் வென்று, 37 வயதில் ஓய்வு.

பயிற்சியாளரின் கணக்கு

1988இல் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக வந்தபோது அவர் போட்ட கணக்கு எளிது. எதிரணிகள் பெரும்பாலும் இரண்டு முன்கள வீரர்களோடு ஆடின. இரண்டு பேரைக் காக்க நான்கு பேர் எதற்கு? மூன்று போதும், ஒருவர் மிச்சம். அந்த மிச்ச ஆளை நடுக்களத்துக்கு அனுப்பினால் அங்கே நம் கை ஓங்கும். இப்படி வந்தது 3-4-3: நடுக்களம் வைர வடிவில், இரு பக்க வீரர்கள் கோட்டை ஒட்டி, நடுவில் லவுட்ரூப் போன்றவர் கீழே இறங்கும் போலி முன்கள வீரராக.

வைரத்தின் அடிமுனையில் '4' எண் ஆள். 1990 டிசம்பரில் அந்த இடத்துக்கு 19 வயது பெப் குவார்டியோலா வந்தார். ஒல்லி, ஓட்டத்தில் வேகம் இல்லை, மோதினால் விழுவார். ஆனால் பந்து வருவதற்கு முன்பே தோள் வழியாகப் பின்னே பார்த்து, எங்கே அனுப்புவது என்று முடிவு செய்திருப்பார். அந்த இடத்துக்குத் தேவையும் அதுதான்.

அடிப்படைப் பயிற்சி ரொண்டோ. 8 முதல் 10 மீட்டர் சதுரம், வெளியே நான்கைந்து பேர் ஒரே தொடுகையில் பாஸ் கொடுத்துக்கொள்வார்கள், உள்ளே இரண்டு பேர் பந்தைப் பறிக்கப் பார்ப்பார்கள். பார்சிலோனாவில் இதற்கு முன்பும் இது உண்டு, கிரைஃப் அதைத் தினசரிப் பாடமாக்கினார். பலர் இதை வெறும் சூடேற்றும் பயிற்சியாக ஆடிக் கெடுக்கிறார்கள். சதுரம் பெரிதானால் உள்ளே இருப்பவர்கள் ஓடுவதை விட்டுவிடுவார்கள், வெளியே இருப்பவர்களும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். பந்தை நேருக்கு நேர் நின்று வாங்கினால் ஒரே பாஸ்தான் தெரியும். உடலைப் பாதி திருப்பி, தூரக் காலில் வாங்கினால் இரண்டு மூன்று வழி திறக்கும். பந்தைப் பறிகொடுத்தவர் உடனே உள்ளே போக வேண்டும் என்ற விதியைக் கறாராக வைத்தால்தான், இழந்த கணமே பாயும் பழக்கம் காலில் ஏறும்.

பலன்: 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக். அதில் மூன்று கடைசி நாளில் கிடைத்தவை. 1992இலும் 1993இலும் டெனெரிஃபே அணி, கோப்பைக்குப் போட்டியிட்ட ரியல் மாட்ரிட்டைக் கவிழ்த்தது. 1994இல் அதேபோல் போட்டியிட்ட டெபோர்டிவோவின் ஜுகிச் கடைசி நிமிடங்களில் பெனால்டியை வீணாக்கினார். அதிர்ஷ்டம் இருந்தது, மறுப்பதற்கில்லை. 1992 மே 20 அன்று வெம்ப்ளியில் சாம்ப்டோரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஸ்டோய்ச்கோவ் தட்ட, பக்கேரோ நிறுத்த, ரொனால்ட் கூமன் ஃப்ரீகிக்கை வலைக்குள் அடித்தார். பார்சிலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை.

இடையில் 1991 பிப்ரவரியில் இதய அறுவைச் சிகிச்சை. சிகரெட்டை விட்டு, பெஞ்சில் குச்சி மிட்டாயோடு உட்கார்ந்தார்.

ஏதென்ஸ், 1994 மே 18

லீக் வென்றது மே 14. நான்கு நாளில் மிலானோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி. மிலானின் தடுப்பாட்டக்காரர்கள் பரேசியும் கொஸ்டகுர்டாவும் தடையில் இருந்தார்கள். பார்சிலோனாதான் வெல்லும் என்று ஊரே பேசியது, கிரைஃபும் அப்படித்தான் பேசினார். அன்றைய விதிப்படி வெளிநாட்டவர் மூவர்தான் ஆடலாம். கூமன், ஸ்டோய்ச்கோவ், ரொமாரியோ உள்ளே, லவுட்ரூப் வெளியே. என் கணிப்பில் அன்று செய்த பெரிய பிழை இதுதான். ரொமாரியோ கோல் அடிப்பவர், கீழே இறங்கி ஆட்டம் கட்டுபவர் இல்லை. அதனால் நடுக்களத்தில் அந்த ஒரு கூடுதல் ஆள் இல்லாமல் போனார்.

மிலான் அடியிலேயே கை வைத்தது. தடுப்பாட்டத்தில் பெயர் எடுத்த டெசாய்லி நடுக்களத்தில் ஏறி நின்று, குவார்டியோலா திரும்ப நேரம் கிடைக்காமல் நெருக்கினார். '4' எண் ஆளுக்குப் பந்து போகும் வழி அடைபட்டால் வைரத்தின் மற்ற முனைகள் துண்டாகிவிடும். மஸாரோ முதல் பாதியிலேயே இரண்டு. 47ஆம் நிமிடத்தில் சவிசெவிச் பார்சிலோனாவின் நடாலிடமிருந்து பந்தைப் பறித்து, கோல்கீப்பர் சுபிசரெட்டாவின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். 58இல் டெசாய்லியே நான்காவது. 4-0.

மியூனிக்கோடு ஒப்பிட்டால், இரண்டு ஆட்டத்திலும் எதிரணி பந்தைத் துரத்தவில்லை, பந்து யார் வழியாகப் போகிறதோ அவரைத் துரத்தியது. அங்கே ஃபோக்ட்ஸ் கிரைஃபை, இங்கே டெசாய்லி குவார்டியோலாவை. அந்த ஒருவர் அடைபட்டதும் மற்றவர்களுக்கு மாற்று வழி இல்லை. விரிந்து நின்ற அணி சுருங்குவதற்குள் பந்து வலையில். 1996 மே மாதம் கிளப் அவரை வெளியேற்றியது.

பிறகு

2008இல் பார்சிலோனாவின் பயிற்சியாளரான குவார்டியோலா இந்த ஓட்டைக்குத்தான் மருந்து தேடினார். பந்து போனதும் முதல் சில நொடிகள் சுற்றியிருப்பவர் எல்லோரும் பாய்வது என்பதைக் கறாரான கடமையாக்கினார். 2009 மே 2 அன்று பெர்னபேயுவில் மெஸ்ஸியைப் பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, பழைய லவுட்ரூப் வேலையைக் கொடுத்தார். ஆட்டம் 6-2. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தை வீழ்த்திய ஸ்பெயின் பதினொருவரில் பிகே, பூயோல், புஸ்கெட்ஸ், ஷாவி, இனியெஸ்டா, பெட்ரோ என்று ஆறு பேர் அந்த சீசனின் பார்சிலோனாக்காரர்கள். அடாவடியாக ஆடிய தன் நாட்டு அணியை கிரைஃப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

அயாக்ஸில் அவர் நினைத்தது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 2010 செப்டம்பரில் பத்திரிகைப் பத்தியில் தன் பழைய கிளப்பைக் கிழித்தெறிந்து, முன்னாள் வீரர்கள் கையில் பயிற்சிப் பொறுப்பு போக வேண்டும் என்றார். 2011இல் நிர்வாகம் கலைந்தது. அதே ஆண்டு அவருக்குத் தெரியாமல் லூயி வான் ஹாலைக் கிளப்பின் தலைமை நிர்வாகியாக நியமிக்கப்போய் விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது, நியமனம் நிற்கவில்லை. பார்சிலோனாவில் எட்டு வருடம் தினமும் மைதானத்தில் நின்று கற்றுக்கொடுத்தார், வேர் பிடித்தது. அயாக்ஸில் வெளியிலிருந்து திட்டம் கொடுத்தார், செயல்படுத்தியவர்கள் வேறு ஆட்கள். அதனால்தான் அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. 2015 நவம்பரில் அவர் ஆலோசகர் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் நுரையீரல் புற்றுநோய் தெரியவந்திருந்தது. 2016 மார்ச் 24 அன்று பார்சிலோனாவில், 68 வயதில் காலமானார். 2018இல் அயாக்ஸின் அரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.